பெட்ரோல் முள்

கொல்லிமலை மேலே ஒரு சின்ன மடம். அதை நடத்தியவர் திலகவதி அம்மா. நாற்பது வயது இருக்கும். காவிச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பைக் ஓட்டுவார். அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் அந்த பைக்தான் ஆம்புலன்ஸ்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் அம்பலவாணன். அம்மாவைவிட வயதில் மூத்தவர். மின்வாரியத்தில் மீட்டர் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். மனுஷனுக்கு எதைக் கண்டாலும் பயம். பூட்டின கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்புவார். தினமும் பூஜை முடிந்ததும் அம்மா முன்னால் போய் உட்கார்ந்து ஒரே கேள்வி.

"இந்தப் பயத்தை என் மனசிலிருந்து எடுத்துடணும்மா. எப்படி எடுக்கிறது?"

அம்மாவும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஒருநாள் காலை அதே கேள்வி வந்தபோது பைக்கைக் காட்டினார். நேற்றுதான் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டதாகவும், அதன்பிறகு வண்டியை எடுக்கவே இல்லை, ஆனாலும் அளவு காட்டும் முள் பாதிக்கு இறங்கி நிற்கிறது என்றும் சொல்லி, முதலில் அதைப் பார்க்கச் சொன்னார்.

அம்பலவாணனுக்கு ஒரே குஷி. மீட்டர் சமாச்சாரமாயிற்றே! வேலையில் இருந்த காலமெல்லாம் வீட்டுக்கு வீடு 'மீட்டர் கன்னாபின்னான்னு ஓடுது' என்ற புலம்பலைக் கேட்டுப் பழகியவர். யார் என்ன சொன்னாலும் அவர் கை மீட்டர் மேல்தான் போகும்.

வண்டியை முற்றத்துக்குத் தள்ளிவந்தார். வயரைச் சோதித்தார், சரியாக இருந்தது. பெட்ரோலைக் கேனில் வடித்துவிட்டு, டேங்குக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்கி முள்ளை நகர்த்தும் மிதவையை வெளியே எடுத்தார். அதன் கம்பி தொங்கிப் போய்விட்டது என்று தாமே முடிவு கட்டி, குறடால் மேலே வளைத்து மாட்டினார். பெட்ரோலைத் திரும்ப ஊற்றினார். எவ்வளவு இருந்தது என்று கவனிக்கவே இல்லை. கண்ணெல்லாம் முள் மேல். சாவியைத் திருப்பியதும் முள் ஜம்மென்று ஏறி உச்சியில் நின்றது.

வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவும் நம்பினார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஊர்ச் செல்லாயிக்கு வலி கண்டுவிட்டது என்று ஆட்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம். அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அம்மா அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அம்பலவாணன் துடைப்பத்தோடு கொட்டகைக்குள் போனார். வண்டி நின்ற இடத்தில் தரை ஈரம். விரலால் தொட்டு முகர்ந்தார். பெட்ரோல். ஆனால் அவர் வேலை பார்த்தது முற்றத்திலல்லவா?

 முள் பொய்யே சொல்லவில்லை. பெட்ரோல்தான் ஒழுகிக்கொண்டே இருந்திருக்கிறது. அதைக் காட்டிய ஒரே சாமானைத்தான் வளைத்துவிட்டு வந்திருக்கிறார். கொதிக்கிற இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்ட, நிறைமாதக்காரியை ஏற்றிக்கொண்டு அம்மா மலை இறங்குகிறார்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார். வண்டிச் சாலை வளைந்து வளைந்து போகும். மலைக்காரர்கள் நடக்கும் தடம் நேராக விழும். பகலிலேயே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கப் பயந்தவர், செருப்பு தெறிக்க, வேட்டி முள்ளில் கிழிய, விழுந்து புரண்டு இறங்கினார். கீழ் வளைவில் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

பைக் வந்தது. அம்மா மிரண்டு பிரேக் போட்டார். அம்பலவாணன் பாய்ந்து வந்தார். சாவியைப் பிடுங்கி, இருவரையும் இழுத்துக்கொண்டு ரோட்டோரம் ஓடினார்.

பின்னால் குப்பென்று சத்தம். திரும்பிப் பார்த்தார்கள். வண்டி முழுக்க நெருப்பு. சற்று முன்பு செல்லாயி உட்கார்ந்திருந்த சீட் உருகி வழிந்தது. 

நல்லவேளையாகக் கீழே இறங்கிய ஜீப் ஒன்று நின்றது. அதில் செல்லாயியை ஏற்றினார்கள். அம்மா ஒரு காலைப் படியில் வைத்தவர், ரோட்டோரம் உட்கார்ந்துவிட்ட சீடரைப் பார்த்துத் திரும்பி வந்தார்.

"கை இன்னும் நடுங்குதும்மா," என்றார் அம்பலவாணன்.

அம்மா அந்தக் கையை எடுத்துத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். அம்மாவின் கையும் நடுங்கியது.

"பயத்தை எடுத்துடணும்னு தினமும் கேட்டீங்களே. இப்ப எடுத்துடட்டுமா?"

அம்பலவாணன் எரிகிற வண்டியைப் பார்த்தார். ஜீப்புக்குள் முனகிக்கொண்டிருந்த செல்லாயியைப் பார்த்தார். கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.