நெய்னா நிற்கிற வரிசை

"அந்த நெய்னா நிக்கிற வரிசையில இனிமே நான் நிக்க மாட்டேன் ஹஜ்ரத்."

உதுமான் கனி வந்ததும் வராததுமாகச் சொன்னது இது. சலாம்கூட அதற்குப் பிறகுதான் சொன்னார்.

பள்ளிவாசலை ஒட்டிய சின்ன அறையில், அங்கே தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே அவருக்கு வயிறு சரியில்லை.

"உக்காருங்க காக்கா" என்றார்.

உதுமான் கனி அவருடைய சீடர்தான். ஆனால் வயதில் ஹஜ்ரத்தைவிட மூத்தவர், அதனால் காக்கா. நல்ல மனுஷன், கணீரென்று ஓதுவார். என்ன ஒன்று, சந்தேகம் அவரோடு கூடவே பிறந்துவிட்டது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை முகர்ந்து பார்ப்பார். பெண்டாட்டி சிரித்தால், எதுக்குச் சிரிச்சே என்பார். அன்றைக்கும் உட்காருவதற்கு முன் அந்த டம்ளரை ஒரு பார்வை பார்த்தார்.

நம்மைச் சீக்கிரம் அனுப்பிவைக்கத்தான் இந்த வயிற்று வலியோ?

"நெய்னா என்ன செஞ்சாரு?" என்றார் ஹஜ்ரத்.

"என் மக ஜொஹராவோட கல்யாணத்தைக் கலைச்சது அவன்தான்."

"பாத்தீங்களா?"

"பாக்கணுமா? மாப்பிள்ளை ஊருக்கு ஒரு விருந்துக்குப் போனான். அவன் திரும்பி வந்த அதே வாரம், பொண்ணு வேண்டாம்னு சொல்லியனுப்புறாங்க. ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறாங்க. வேற யாரு சொல்லியிருப்பா?"

"நெய்னாகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா ஒத்துக்குவானா?"

ஹஜ்ரத் இன்னொரு வாய் ஓமத் தண்ணீர் குடித்தார்.

"எம்புள்ள ஜன்னல் பக்கம்கூட வர்றதில்லை ஹஜ்ரத். ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது அவளுக்கு. இவன் என்னடான்னா அத்தர் பூசிக்கிட்டு முதல் வரிசையில ஜம்முனு நிக்கிறான். இவனோட தோளை ஒட்டிக்கிட்டு நான் நிக்கணுமாம். வயிறு எரியுது எனக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தார்.

"இனிமே வீட்டுலயே தொழுதுக்கிறேன். தொழுகை எனக்கும் அல்லாவுக்கும் உள்ள விஷயம். நடுவுல இவன் எதுக்கு?"

"ஜமாஅத்தோட சேர்ந்து தொழுதா இருபத்தேழு மடங்கு நன்மை. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு ஒரு மடங்கு போதும். மிச்சத்தை நெய்னாவே வச்சுக்கட்டும்."

ஹஜ்ரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

அந்திநேரத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு கேட்டது.

"சரி காக்கா. வந்தது வந்தீங்க, இந்த மஃரிபை மட்டும் இங்க தொழுதுட்டுப் போங்க. நாளையிலேருந்து உங்க இஷ்டம்."

இவ்வளவு லேசில் விடுகிறாரே, இதில் என்ன உள்குத்து இருக்கிறதோ என்று யோசித்தபடியே உதுமான் கனி, தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் ஒளுவைச் செய்தார். முழங்கை நனைந்ததா என்று வழக்கம்போல சந்தேகம் வர, திரும்பவும் முதலிலிருந்து செய்தார்.

உள்ளே போனால் முதல் வரிசை நிறைந்திருந்தது. ஹஜ்ரத்துக்கு நேர் பின்னால், நெய்னாவுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் நிற்க இடம். இவரைப் பார்த்ததும் நெய்னா கொஞ்சம் நகர்ந்து கொடுத்தார்.

எதுக்கு நகர்றான்?

நடுவில் ஒரு ஜாண் விட்டு நின்றார்.

"இடைவெளி விடாம நில்லுங்க" என்றார் ஹஜ்ரத், திரும்பிப் பார்த்து. தினமும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுதான். உதுமான் கனிக்கு மட்டும் அது தனக்கே சொன்னதாகப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தார். தோள் ஒட்டியது. அத்தர் வாடை அடித்தது.

தொழுகை தொடங்கியது.

இரண்டாவது ரக்அத், அதாவது தொழுகையின் இரண்டாம் சுற்று. ஹஜ்ரத் அல்ஹம்து சூராவை ஓதி முடித்தார், ஊரே ஆமீன் சொன்னது. அடுத்த சூராவை ஓதாமல் அவர் சட்டென்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

தொழும்போது வாயு பிரிந்து ஒளு முறிந்துவிட்டால் இப்படித்தான் விலகுவது. மூக்கில் ரத்தம் போலிருக்கு என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், போகிறவருக்கும் வெட்கமில்லை. விலகுகிறவர் இமாமாக இருந்தால் பின்னாலிருந்து ஒருவரைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போவார்.

ஹஜ்ரத் கையைப் பின்னால் நீட்டி உதுமான் கனியின் மணிக்கட்டைப் பிடித்தார். முன்னால் இழுத்து நிறுத்தினார். போய்விட்டார்.

இப்போது எதிரே சுவர் மட்டும்தான். பின்னால் ஊர். யாரையும் முதுகுக்குப் பின்னால் நிற்கவிடாத மனுஷனுக்கு, நெய்னா நிற்கிற பக்கம் முதுகு குறுகுறுத்தது.

சின்ன வயதில் மனப்பாடமான ஒரு குர்ஆன் சூராவை எடுத்தார். பாதியில் நின்றுவிட்டது.

அடுத்து என்ன? ஒன்றும் வரவில்லை. சட்டைக்குள் வியர்த்தது. பள்ளி முழுக்க நிசப்தம்.

பின்னாலிருந்து ஒரு குரல் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது. கரகரத்த குரல். யாருடையது என்று கேட்கவா வேண்டும்?

சரியாத்தான் சொல்றானா? ஊர் முன்னால தப்பா ஓதவச்சு மானத்தை வாங்கப் பாக்குறானா?

அந்தக் குரல் மறுபடியும் சொன்னது. மேடையில் பேச்சை மறந்து நிற்கிற பிள்ளைக்குக் கீழேயிருந்து தகப்பன் சொல்லிக் கொடுப்பானே, அந்த மாதிரி பதறிப்போய்ச் சொன்னது.

வேறு வழியில்லை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். சரியான வார்த்தைதான். மீதி தானாக வந்தது.

தொழுகை முடிந்து துஆ கேட்க வேண்டியதும் அவர்தான். கையேந்தினார்.

"யா அல்லா, எங்க பிள்ளைகளுக்கு நல்ல வாழ்க்கையைக் கொடு" என்றார்.

"ஆமீன்" என்றது ஊர். கரகரத்த குரல் அதில் தனியாகக் கேட்டது.

வேணும்னே சத்தமாச் சொல்றானோ?

எல்லோரும் கலைந்த பிறகு ஹஜ்ரத்தைத் தேடிப் போனார். கடைசி வரிசையில், விட்டுப்போன ரக்அத்தைத் தொழுது முடித்து, ஈரக் கையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஹஜ்ரத், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க காக்கா."

"மூக்கைப் பிடிக்கிறது வழக்கம்தான், எனக்கும் தெரியும். ஆனா நிஜமாவே உங்களுக்கு ஒளு முறிஞ்சுதா? இல்ல, என்னைக் கொண்டுபோய் முன்னால நிறுத்தணும்னே...?"

ஹஜ்ரத் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நான் மறுபடியும் ஒளு செஞ்சுட்டு வந்து உங்க பின்னால நின்னேன். ஊரே நின்னுச்சு. நெய்னாவும் நின்னாரு. உங்களுக்கு ஒளு இருக்கான்னு எங்கள்ல யாராவது கேட்டோமா காக்கா?"