ஆறெழுத்து, ஸ்டேபிள்

பச்சிளங்குழந்தைகள் பிரிவுக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் பிரிஜித் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் மாதமே பிறந்துவிட்ட அவள் மகள் உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கிடந்தாள். இன்றோடு பதினோரு நாள்.

பள்ளியில் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தந்த சிஸ்டர் பெர்பெத்துவா பார்க்க வந்தார். பங்குக் கோயில் இதழுக்கு இங்கிலீஷ் குறுக்கெழுத்து போடுகிறவர். மாதாமாதம் முதல் விடை பிரிஜித்திடமிருந்துதான் போகும்.

“டாக்டர் என்னடி சொன்னார்?”

“ஸ்டேபிளாம். நேத்தும் அதான், முந்தாநாளும் அதான்.”

“நல்ல வார்த்தைதானே.”

“நல்லா இருக்குன்னு சொல்ல வாய் வராதப்ப சொல்றது, சிஸ்டர்.”

நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “பிரிஜித் பேபியோட அம்மா, பால் எடுத்தீங்களா?”

பிரிஜித் மடியிலிருந்த பாலாடைக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். நேற்றிலிருந்தே அது காலி. கதவு மூடிக்கொண்டது.

“சுரக்கலையா?”

“சுரக்குது. நைட்டியெல்லாம் நனையுது. எடுத்துக்கிட்டுப் போய் நின்னு, இனிமே வேண்டாம்மான்னு சொல்லிட்டாங்கன்னா?”

சிஸ்டர் கைப்பையைத் துழாவினார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் ஆறு கட்டம் போட்டார்.

“குதிரைக்கு வீடு. நோயாளிக்குச் சேதி.”

“இப்பவா சிஸ்டர்?”

“ஏழாவதுல கிறிஸ்துமஸ் கட்டுரைக்கு ‘ஜீசஸ் வாஸ் பார்ன் ஸ்டேபிள்’னு எழுதினவதானே நீ. ‘இன் எ’ ரெண்டையும் முழுங்கிட்டே. அரை மார்க் குறைச்சேன்.”

“தொழுவத்துலன்னுதான் எழுத வந்தேன்.”

சிரிப்பாகக் கிளம்பியது, அழுகையாக முடிந்தது. முந்தானை இல்லாததால் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

“என் பிள்ளை பிழைக்குமா? டாக்டர் எந்த அர்த்தத்துல சொல்றார்?”

“குறிப்பு எழுதினவங்களுக்குத்தான்டி விடை தெரியும். இது நான் போட்ட கட்டம் இல்லை.”

உள்ளே ஏதோ கருவி விட்டுவிட்டுக் கூவியது. இரண்டு பேரும் அது நிற்கும்வரை கதவையே பார்த்தார்கள்.

“தொழுவத்துல இருந்த மாதாவுக்காவது தெரிஞ்சிருக்கும்,” என்றாள் பிரிஜித். “பிள்ளை எத்தனை காலம் இருக்கும்னு.”

சிஸ்டர் ஃபிளாஸ்க்கைத் திறந்து, வெந்நீரில் பாலாடையைக் கழுவி அவள் கையில் வைத்தார்.

“தெரியாது. பிள்ளை அழுதுது, பால் கொடுத்தா.”