ஆர்லோ பின்ச்சமின் சிவப்பு அட்டை

"இருபத்தி மூணு வருஷமா தேடுறேன், டீச்சர். தேடின இசைத்தட்டு உங்க வீட்டு அலமாரியில உக்காந்திருக்கு. ரெண்டு வருஷமா கேக்குறேன். ஒண்ணு குடுங்க, இல்ல குடுக்கவே மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. எனக்குத் தூக்கமே போச்சு."

தணிகாசலம் இதைச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பெரம்பூரில், ஹில்டா டீச்சர் வீட்டில்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்து வாலிபால் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"குடுத்தா என்ன சார் செய்வீங்க?"

"அலமாரியில வெப்பேன்."

"இப்பவும் அலமாரியிலதானே இருக்கு."

"என் அலமாரியில, டீச்சர்!"

தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். இடிபட்ட காரைப் பூதக்கண்ணாடியால் பார்த்தே, இடித்தது லாரியா பஸ்ஸா என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணாடி இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. இப்போது அதில் பார்ப்பது ஜாஸ் தட்டுகளை.

ஹில்டா டீச்சருக்கு நாற்பத்து நாலு. பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்கும், ஞாயிற்றுக்கிழமையும் தொங்கும். ஆனால் பழைய தட்டு சேர்க்கிற எங்கள் கூட்டத்துக்கெல்லாம் அவர்தான் குரு. யாரும் கேள்விப்படாத நல்ல தட்டு ஒன்று இந்த ஊரில் இருந்தால் அது அவரிடம்தான் இருக்கும். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்காத ஆளில்லை. அவர் வாயைத் திறந்து பதில் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. ஏதாவது ஒன்றைச் செய்வார், அவ்வளவுதான். புரிந்தால் உண்டு.

தணிகாசலம் கேட்ட தட்டு சாதாரணத் தட்டில்லை. அமெரிக்காவில் செருப்பு ஃபேக்டரிகள் நிறைந்த ஏதோ ஒரு சின்ன ஊர். அங்கே ஆர்லோ பின்ச்சம் என்று ஒருவர் பதினேழு பேரைச் சேர்த்து ஒரு பிக் பேண்ட் வைத்திருந்தார். ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன் என்று ஒரு படையே ஒன்றாக ஊதும் வாத்தியக் குழு. மொத்தம் இரண்டே தட்டுதான் போட்டார்கள். முதலாவது நீல அட்டை. இரண்டாவது சிவப்பு அட்டை. அப்புறம் ஆளாளுக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

நீலம் தணிகாசலத்திடம் இருந்தது. சிவப்பு டீச்சரிடம். கப்பலில் சமையல்காரராக இருந்த அவருடைய மாமா ஏதோ துறைமுகத்தில் வாங்கி வந்தது.

தணிகாசலம் தன் அலமாரியில் நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் நுழையும் இடம் விட்டு வைத்திருந்தார். வேறு தட்டு எதையும் அங்கே செருக விடமாட்டார். "அந்தச் சந்துக்குத்தான் இவர் தாலி கட்டியிருக்கார்" என்பார் அவர் மனைவி.

தினமும் காலை நடைக்கு அவர் டீச்சர் வீட்டுத் தெரு வழியாகத்தான் போவார். பூங்கா எதிர்த் திசையில் இருக்கிறது. இருந்தாலும் இந்த வழிதான். ஜன்னல் ஓரம் வந்ததும் நடை மெதுவாகும். அலமாரியின் மேல் அடுக்கில், இடமிருந்து நாலாவதாகச் சிவப்பு அட்டை இருக்கிறதா என்று ஒரு பார்வை. இருக்கும். பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார்.

டீச்சர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"உங்க நீலத்தைக் கொண்டாங்க."

"எதுக்கு?"

"கொண்டாங்க சார்."

ஆட்டோவில் போய் எடுத்து வந்தார். மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் "மெதுவாப்பா, மெதுவா" என்று டிரைவரின் உயிரை வாங்கியிருக்கிறார்.

அவர் திரும்பி வந்தபோது டீச்சர் ரெக்கார்டு பிளேயரின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். எதிரில் ஒரு நாற்காலி, பிளேயருக்கு முதுகைக் காட்டியபடி.

"உங்க தட்டையும் போடுவேன். என் தட்டையும் போடுவேன். ரெண்டுலயும் ஒவ்வொரு பாட்டு. எது எதுன்னு சொல்ல மாட்டேன். என்னோடது எதுன்னு நீங்க சரியா சொல்லிட்டா, ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடுங்க."

தணிகாசலம் நாற்காலியையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நிஜமாவா?"

"தப்பா சொன்னா உங்களோடதை மட்டும் எடுத்துட்டுப் போங்க. சிவப்பைக் குடுங்கன்னு அப்புறம் வாயே திறக்கக் கூடாது. ஆயுசுக்கும்."

அவர் உடனே தலையாட்டப் போனார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்க நீலத்தை நீங்க கேட்டிருக்கீங்கல்ல?"

"நல்லா இருக்கே! என் தட்டை நான் கேக்காம இருப்பேனா?"

பொய். சுத்தமான பொய்.

இதை அவரே பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். நீலம் கைக்கு வந்து பதினோரு வருஷம். வந்த அன்று கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. நடுவட்டத்தின் ஓரத்தில் பொறித்திருந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார். மெத்தென்ற, தடிமனான பிளாஸ்டிக் உறையாகத் தேடி வாங்கி, தட்டை அதற்குள் நுழைத்து, அட்டையில் வைத்து, டேப் ஒட்டினார். ஒரு தடவை ஊசி பட்டாலும் தேய்மானம்தானே! ரிடையர் ஆனதும் கேட்கலாம் என்றிருந்தார். ரிடையர் ஆனார். நல்ல ஊசி வாங்கினதும் கேட்கலாம் என்றிருந்தார். வாங்கினார். சிவப்பும் கிடைக்கட்டும், இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக் கேட்கலாம் என்று அப்புறம் முடிவு செய்தார்.

ஆக, நீலத்தையும் கேட்டதில்லை, சிவப்பையும் கேட்டதில்லை. இந்த அழகில் எது எது என்று சொல்ல வேண்டும்.

மூன்று கால் ஓட்டத்துக்குக் காலைச் சேர்த்துக் கட்டும் துணியால் டீச்சர் அவர் கண்ணைக் கட்டினார். இறுக்கமாகவே கட்டினார்.

முதுகுக்குப் பின்னால் டேப் கிழிகிற சத்தம் கேட்டது. பதினோரு வருஷ டேப். தணிகாசலம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்து, டீச்சர். விளிம்பை மட்டும் பிடிங்க."

உறை சரசரத்தது.

அந்த இருட்டில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. சர்வேயர் மூளை சும்மா இருக்குமா? பாட்டைக் கேட்டு யாராவது கண்டுபிடிப்பார்களா! என் தட்டில் ஊசி பட்டதே இல்லை. கண்ணாடி மாதிரி இருக்கும். டீச்சரோடது அறுபது வருஷமாக ஓடின தட்டு. கீறல் இருக்கும், தூசி இருக்கும், படபடவென்று பொரியும். பொரிகிற தட்டு எதுவோ அதுதான் சிவப்பு. இதற்குச் சங்கீத ஞானம் எதற்கு?

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

ஊசி இறங்கியது.

எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரிப் பொரிந்தது. படபட, படபட. அதற்குப் பின்னால் எங்கேயோ சாக்ஸபோன்கள் கூட்டமாக எழுந்தன, ஒரு ட்ரம்பெட் தனியாக என்னவோ சொன்னது. தணிகாசலம் கடுகையே எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வெடிப்பும் அவருக்கு வெல்லமாக இனித்தது.

இதேதான். சிவப்பு.

பாட்டு முடிந்தது. தட்டு மாறியது.

மறுபடி ஊசி இறங்கியது. ஒரு பொரி இல்லை. பிளேயர் ஓடுகிறதா என்றே சந்தேகம் வந்தது. சட்டென்று பதினேழு பேரும் ஒரே மூச்சில் ஊதினார்கள்.

அட, என் தட்டா இப்படி இருக்கிறது என்று அவருக்குப் பெருமை பொங்கியது. அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இப்போது அவசரம் வேறு.

ஆனால் அவருடைய வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தானாகத் தரையைத் தட்ட ஆரம்பித்தது. ஓரிடத்தில் குழு முழுக்க நின்று ஒரு நொடி மௌனம் வந்தது. கால் அந்த நொடியை விட்டுப் பிடித்து, டிரம் விழுகிற அதே இடத்தில் டக்கென்று விழுந்தது. தணிகாசலம் முழங்காலைக் கையால் அமுக்கிப் பிடித்தார்.

பாட்டு முடிந்தது.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்றார் டீச்சர்.

"வேண்டாம்."

"அவசரமில்ல சார். நல்லா யோசிங்க."

"வேண்டாம்னேன்ல."

"முதல்ல போட்டதுல ட்ரம்பெட் எப்படி இருந்துச்சு?"

தணிகாசலம் கண்கட்டைச் சரிசெய்துகொண்டார். துணி வியர்வையில் நனைந்திருந்தது.

"அது இந்த ஆட்டத்துல சேர்த்தியில்ல, டீச்சர். எது உங்களோடதுன்னு சொல்லணும், அவ்வளவுதான். முதல்ல போட்டது உங்களோடது."

"நிச்சயமா?"

"சத்தியமா."

டீச்சர் விசிலை எடுத்து ஊதினார். ஃபவுலுக்கு ஊதுகிற மாதிரி, சுருக்கமாக, காது கிழிய.

தணிகாசலம் துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்பினார். பிளேயரில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது இரண்டாவதாகப் போட்ட தட்டு. அதன் நடுவட்டத்தில் பேனாவால் எழுதியிருந்தது: ஹில்டாக்குட்டிக்கு, மாமா.

மேஜைமேல், கிழிந்த டேப்புக்குப் பக்கத்தில், மற்ற தட்டு இருந்தது. கறுப்பாக இல்லை. கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி முழுக்க மங்கலாகப் படர்ந்திருந்தது.

"இது என்னோடது இல்ல!"

டீச்சர் பிளேயரை நிறுத்தினார்.

"மாத்திட்டீங்க. நீங்களா இப்படி? என் தட்டுல ஒரு மாசு இருக்காது, டீச்சர். நான் பார்த்து வெச்சது!"

டீச்சர் அவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

நடுவட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார். எண் இருந்தது. பதினோரு வருஷமாக மனப்பாடமான எண். அதே எண்.

கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தார், அந்தத் தணிகாசலம், தட்டை விரலால் தொட்டாலே அடிக்க வருகிற மனுஷன். போகவில்லை.

டீச்சர் அந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறையை எடுத்து அவர் முன்னால் விரித்துப் போட்டார். பதினோரு கோடையும் அந்த உறை வியர்த்திருந்தது. உள்பக்கம் பிசுபிசுவென்று இருந்தது. தட்டில் படர்ந்திருந்ததும் அதே பிசுபிசுப்புதான்.

"ஒரு தடவைகூடப் போடலியே, டீச்சர்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவர் காதிலேயே விழுந்தது.

உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. டீச்சர் வலையை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"உங்களோடது எப்படி டீச்சர் இப்படி இருக்கு? அறுபது வருஷத்துத் தட்டு. ஒரு பொரி இல்ல."

"தினமும் துடைக்கிறேன் சார்."

"தினமுமா? எதுக்கு?"

"தினமும் போடுறேனே. காலையில ஏழு மணிக்கு, ஜன்னலைத் திறந்து வெச்சு." டீச்சர் தலை நிமிர்ந்து அவருடைய வலது காலைப் பார்த்தார். "நீங்க அந்த நேரத்துலதானே சார் இந்தத் தெருவுல போறீங்க?"