தாவும் பொத்தான்

நாகர்கோவிலில் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஷைனியை எல்லோரும் ஆசான் என்றே கூப்பிடுவார்கள். கிண்டலாகத் தொடங்கிய பெயர், நிஜமாகவே நிலைத்துவிட்டது.

ஜெபசிங் அவளைவிட இருபது வயது மூத்தவர். அவளுடைய சிஷ்யன் என்று சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமே கிடையாது. அன்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் கடைக்கு வந்தார்.

“ஆசானே, எந்த எமுலேட்டர் நல்லது?”

எமுலேட்டர் என்பது கம்ப்யூட்டரைப் பழைய கேம் பெட்டியாக வேஷம் போடவைக்கும் மென்பொருள். மனிதர் ஏழெட்டு இறக்கி வைத்திருந்தார்.

“ஒண்ணுல படம் பளிச்சுன்னு இருக்கு, சத்தம் இழுக்குது. இன்னொண்ணுல சத்தம் அசல், கலர் வெளுப்பு. மண்டை காயுது.”

“யாருக்கு?”

“எங்க அண்ணனுக்கு. வாதம் வந்து வலது கை விழுந்துபோச்சு. யாருகிட்டயும் பேச மாட்டேங்கான். நேத்துதான் வாயைத் திறந்தான். ‘முன்னாடி நாம சேர்ந்து ஆடுவோம்லா, அந்தக் கேமை ஒரு தடவை ஆடணும்லே’ன்னான். வேற எதுவுமே அவன் கேக்கல. இது தப்பக் கூடாது ஆசானே.”

ஆசான் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அவருடைய வலது கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டினாள். ஜாய்ஸ்டிக்கை லேப்டாப்பில் செருகி அவர் மடியில் வைத்தாள்.

“ஆடுங்க அண்ணாச்சி.”

இடது கையால் ஓடத்தான் முடிந்தது. தாவும் பொத்தான் வலது பக்கம் இருந்தது. திரையில் ஓடிய ஆள் முதல் பள்ளத்திலேயே விழுந்தான். ஜெபசிங் அடுத்த எமுலேட்டரைத் திறந்தார். அதிலும் விழுந்தான். எல்லாவற்றிலும் அதே பள்ளம்தான். விழுவது மட்டும் ஒன்றைவிட ஒன்றில் தெளிவாகத் தெரிந்தது.

ஜெபசிங்குக்கு அழுகை வந்துவிட்டது.

“அவுத்து விடட்டுமா?”

“வேண்டாம்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “தாவுற பொத்தானை இடது ஆள்காட்டி விரல் பக்கம் மாத்த முடியுமா?”

“இது எல்லாத்துலயும் முடியும்.”

“அப்போ எதைத்தான் எடுக்க?”

“பள்ளத்தை எதுல தாண்டுறீங்களோ, அதை.”

பொத்தானை மாற்றிக்கொண்டு ஆடினார். விழுந்தார். திரும்பவும் ஆடினார். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் வலித்தது, விடவில்லை. வெயில் தாழும் நேரத்தில் திரையில் இருந்தவன் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றான்.

ஆசான் கட்டை அவிழ்த்தாள். ஜெபசிங் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தார்.

“இது போதும் ஆசானே. இனி அண்ணன் ஆடிருவான்.”

“துண்டை விட்டுட்டுப் போறீங்களே,” என்றாள் ஆசான். “அங்க உங்க கையைக் கட்ட வேண்டாமா? ரெண்டு பேரு ஆடுற கேம்லா அது?”