மில்காரர் முகத்தைப் படம் எடுத்த கதை

நொச்சிப்பேரியில் மூளைக்குப் பஞ்சமில்லை. ஆளுக்கு ஒன்று இருந்தது. யாரும் எடுத்துப் புழங்காததால் எல்லாம் புதுக்கருக்கு மாறாமலே இருந்தன. அவற்றில் மிகப் புதுசான மூன்று ஒன்றாகச் சேர்ந்து ஒரு போட்டோ சங்கம் தொடங்கின.

உரக்கடை கோமதிநாயகம் சங்கத்துக்குத் தலைவர். தையல்கடை தாவீது செயலாளர். ஒயரிங் வேலை பார்க்கும் இசக்கிராஜ் துணைத்தலைவர். உறுப்பினர் என்று யாரும் கிடையாது. கேமரா ஒன்றுதான். அதை ஒருவரே பிடித்தால் மற்ற இருவருக்கும் அநியாயம் என்று வேலையைப் பங்கு பிரித்திருந்தார்கள். தலைவர் ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்ப்பார். இசக்கிராஜ் "ரெடி" என்று சொல்வார். தாவீது பொத்தானை அமுக்குவார். தலைவர் பார்ப்பதற்கும் தாவீது அமுக்குவதற்கும் நடுவில் ஆடு போகும், சைக்கிள் போகும், ஒரு தடவை மணமகளே எழுந்து போய்விட்டாள். சங்கத்தின் ஆல்பத்தில் நாற்காலிகள் அருமையாக வந்திருந்தன.

சங்கம் கூடுவது ரைஸ்மில் மாடி அறையில். மில்காரர் வெயிலுகந்தானுக்கு அந்த மாதம் அறுபது நிறைந்து மணிவிழா. நல்ல மனுஷர். ஆனால் கேமராவைக் கண்டால் போதும், தாடை இறுகி, புருவம் ஏறி, யாரையோ அறையப் போகிறவர் மாதிரி ஆகிவிடுவார். கல்யாணப் போட்டோவிலேயே அப்படித்தான் நிற்கிறார். அதைப் பார்த்த ஒவ்வொருவரும் அவர் மனைவி பிரமநாயகியிடம், "அன்னைக்கே சண்டையா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

அவர் சங்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மண்டபத்து வாசல்ல ஆளுயரத்துக்கு என் படம் ஒண்ணு வைக்கணும். ஒரு தடவையாவது நான் மனுஷன் மாதிரி தெரியணும். எடுத்துத் தந்தா மாடி ரூம் உங்களுக்கே. இல்லைன்னா தவிட்டு மூட்டை அடுக்கப் போறேன்."

தவிட்டு மூட்டை அந்த அறைக்கு வந்தால் அறையின் மதிப்பு கூடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், அந்த மூவரைத் தவிர.

மில் வாசலில் வேப்பமரத்தடியில் அவரை நிறுத்தி முதல் படத்தை எடுத்தார்கள். "நமக்கே எல்லாம் தெரியும்னு இருக்கக் கூடாது. தெரிஞ்சவங்ககிட்டக் காட்டிக் குறை கேக்கணும்" என்றார் தலைவர். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அது. வந்த வினை எல்லாம் அதனால்தான்.

தெரிந்தவர் என்று ஊரில் இருந்தது ஜெசிந்தா ஒருவர்தான். பத்திரிகைக்குப் பன்னிரண்டு வருஷம் படம் எடுத்துவிட்டு, பெரிய மனிதர்களின் முகங்கள் அலுத்துப்போய், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். அவரிடம் இருந்த கெட்ட பழக்கம் அது.

"தாராளமாக் குறை சொல்லுங்க மேடம். நாங்க முன்னேறணும்" என்றார் தலைவர். முன்னேறணும் என்றதும் இசக்கிராஜ் ஓரடி முன்னால் வந்து நின்றுகொண்டார்.

ஜெசிந்தா படத்தைப் பார்த்தார். "மில் அண்ணாச்சி தலையில மரம் முளைச்சு நிக்கு பாருங்க. முதல்ல அதை எடுங்க."

மூவரும் நேராக மில்லுக்குப் போனார்கள். நெல் ஈரம் பார்த்துக்கொண்டிருந்த மில்காரரின் தலையைக் குனியச் சொல்லித் தடவினார்கள்.

"மரம் இல்லை தலைவரே. வழுக்கைதான் இருக்கு."

"காதுக்குப் பின்னால பாத்தியா?"

"அங்கயும் கன்னு எதுவும் இல்லை."

"என்னல தேடுதீங்க?" என்றார் மில்காரர்.

"ஒண்ணுமில்லை அண்ணாச்சி, வேப்பமரம்."

சங்கம் அவசரமாகக் கூடியது. "மேடம் பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா அண்ணாச்சி தலையில மரம் இல்லை. அப்படீன்னா அது படத்துத் தலையிலதான் முளைச்சிருக்கு" என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். தாவீது துணி வெட்டும் கத்தரியை எடுத்தார். மரத்தை வெட்டினார். எதை வெட்டினாலும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டுவது தையல்காரர் பழக்கம் என்பதால் நெற்றியும் கூடவே போனது.

படம் மறுபடி ஜெசிந்தாவிடம் போனது.

"ஐயையோ, தலையை ஏன் வெட்டுனீங்க?"

தலைவர் சட்டென்று ஸ்டூடியோ கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசுங்க மேடம். வெளியில ஆள் நிக்கு."

ஜெசிந்தா ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். "புதுசா எடுங்க. இதுல முகம் ஒரே இருட்டு. வெளிச்சம் முகத்துல விழணும்."

அன்று சாயந்தரம் மாடி அறையில் நடந்த விவாதம் இது.

"எவ்வளவு உயரத்தில இருந்து விழணும்னு சொல்லலையே."

"டியூப்லைட் விழுந்தா உடைஞ்சிரும்."

"பெட்ரோமாக்ஸ்?"

"சுட்டிரும் வே. அண்ணாச்சிக்கு மணிவிழா."

கடைசியில் மூன்று பாட்டரி டார்ச்லைட் ஒன்றை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். தாவீதுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "அணைச்சுப் போடணுமா, எரியவிட்டுப் போடணுமா?"

"எரியவிட்டுத்தான். அணைஞ்ச டார்ச் விழுந்தா அது டார்ச் விழுந்ததாத்தான் ஆகும். வெளிச்சம் விழுந்ததா எப்படி ஆகும்?" என்றார் தலைவர். மற்ற இருவரும் அவர் தலைவரானதன் நியாயத்தை மறுபடி ஒருமுறை உணர்ந்தார்கள்.

மறுநாள் காலை மில்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, இசக்கிராஜ் பக்கத்தில் ஏணியில் ஏறி நின்றார். "ரெடி" என்று சொல்லிவிட்டு டார்ச்சைக் கைவிட்டார். அது எரிந்தபடியே வந்து சரியாக மூக்கில் விழுந்தது.

மில்காரர் கண்ணில் நீர் வழிய, "இது அந்த மேடம் சொன்னதா?" என்று கேட்டார்.

"அப்படியே அவங்க வார்த்தை, அண்ணாச்சி."

படித்தவர்கள் சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று அவர் வாயை மூடிக்கொண்டார். மூக்கு மூன்று நாள் கத்தரிக்காய் மாதிரி இருந்தது. மணிவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

அந்தப் படத்தில் இருந்தது ஒரு டார்ச், ஒரு திறந்த வாய். ஜெசிந்தா அதை நெடுநேரம் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கத் துணிவு வரவில்லை. "மனுஷர் பயந்து போயிருக்காரு. போய் உக்காந்து சும்மா பேசிக்கிட்டு இருங்க. கேமரா இருக்கிறதையே மறந்துடணும். அப்பத்தான் முகம் தன்னால மலரும்" என்றார்.

யார் மறக்கணும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும் என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றியிருக்காது.

சங்கம் மறக்கப் பாடுபட்டது. சுலபமான வேலையா? நினைத்து நினைத்து மறந்தார்கள். மறுநாள் மில்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் தாவீது கேட்டார்:

"தலைவரே, மறந்தாச்சா?"

"எதை?"

"சபாஷ்!"

பிரமநாயகி சுடச்சுட உளுந்தவடை போட்டுக் கொடுத்தார். வந்தவர்கள் கையில் ஒன்றும் இல்லாததைக் கண்டு மில்காரருக்கு உயிர் வந்தது. பெண் பார்க்கப் போன அன்று தப்பான வீட்டுக்குள் நுழைந்து, கேசரி முழுவதையும் சாப்பிட்ட பிறகு, "கேஸ் அடுப்பு ரிப்பேர் பாக்க வந்தவரு நீங்கதானா?" என்று அந்த வீட்டுக்காரர்கள் கேட்ட கதையைச் சொன்னார். சொல்லும்போது முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்! கண்ணில் குறும்பும் கன்னத்தில் குழியுமாக, படம் எடுக்கத் தெரியாதவன்கூட எடுத்துவிடுவான். மூவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், ஆளுக்கு ஏழு வடை சாப்பிட்டார்கள், வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார்கள்.

அடுத்த நாள் வந்து ஜெசிந்தாவிடம், "முகம் மலர்ந்துச்சு மேடம், நீங்க சொன்ன மாதிரியே" என்றார்கள்.

"படம் எங்க?"

"எந்தப் படம்?"

ஜெசிந்தா இப்போது ஒவ்வொரு வார்த்தையாக, சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது போலச் சொன்னார். "மறக்க வேண்டியது அவரு. நீங்க இல்லை. கேமராவைக் கையோட கொண்டு போங்க. ஜன்னல் பக்கமா உக்கார வைங்க. பின்னால ஒரு திரை கட்டுங்க. பின்னணி மங்கலா இருக்கட்டும். அவ்வளவுதான். போயிட்டு வாங்க."

"மங்கலா எப்படி ஆக்குறது?" என்று வழியில் இசக்கிராஜ் கவலைப்பட்டார்.

"தாவீது கை ஆடினா படம் மங்கிப்போகுதுல்ல? ஆடுறது மங்கும். அப்ப திரை ஆடணும்."

"திரைக்குப் பின்னால சுவரும் இருக்கே. அதுவும் பின்னணிதானே?"

தலைவர் நின்றுவிட்டார். உண்மைதான். "சுவரை நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அப்படியாக, மில்காரர் வீட்டுக் கூடத்தில் கேமரா ஸ்டாண்டில் நின்றது. தாவீது பொத்தான்மேல் விரலை வைத்துக் காத்திருந்தார். இசக்கிராஜ் ஸ்டூல்மேல் ஏறித் திரையைப் பிடித்து உலுக்கினார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் இரு கையையும் ஊன்றி, முக்கி முக்கித் தள்ளினார். முன்னால் உட்கார்ந்திருந்த மில்காரர் வழக்கம்போல அறையப் போகிற முகத்தோடு விறைத்திருந்தார்.

கயிறு அறுந்தது. திரையோடு சேர்ந்து இசக்கிராஜும் கீழே வந்தார். சத்தம் கேட்டு மில்காரர் திரும்பினார். தரையில் ஒரு துணிமூட்டை துள்ளிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஒருவர் சுவரிடம், "அசைஞ்சு கொடு, கொஞ்சம் அசைஞ்சு கொடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். மில்காரருக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. துணிக்குள்ளிருந்த இசக்கிராஜ், கடமை தவறாதவர், "ரெடி" என்றார். தாவீது அமுக்கினார்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் ஜெசிந்தா எழுந்து நின்றுவிட்டார். அரைவாசி திரும்பிய முகம். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம். கண்ணோரத்துச் சுருக்கம் எல்லாம் சிரித்தது. வாய்விட்டுச் சிரிக்கிற அந்த வாயில் அறுபது வருஷத்து நல்ல மனசும் இருந்தது.

"இதை யாரு எடுத்தா?"

"சங்கம் எடுத்தது."

"தலைவரே, படம் அப்படியே பேசுது. ஆளுயரத்துக்குப் பிரிண்ட் போட்டு மாட்டுங்க. வேற எதுவும் செஞ்சிராதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

மில்காரர் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிரமநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த முகத்தைத்தான் நான் தினமும் வீட்ல பாக்கேன். வெளியில சொன்னா ஒருத்தரும் நம்பலை" என்றார். மாடி அறைச் சாவி சங்கத்தின் கைக்கு வந்தது.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பாராட்டையும் சங்கம் காதில் வாங்கியிருந்தது.

மணிவிழாவுக்கு முந்தின நாள், அச்சாகி வந்த ஆளுயரப் படத்தில் மூவரும் மாறிமாறிக் காதை வைத்துப் பார்த்தார்கள்.

"உனக்குக் கேக்கா?"

"இல்லையே. உமக்கு?"

"மேடத்துக்குக் கேட்டிருக்கு. அவங்களுக்குப் பழகின காது" என்றார் தலைவர். "நமக்கே கேக்கலைன்னா நாளைக்கு நாதஸ்வரச் சத்தத்தில வர்றவங்களுக்கு எங்க கேக்கப் போகுது? அண்ணாச்சி படம் பேசப்பேச அத்தனை பேரும் கவனிக்காமப் போவாங்க. மரியாதையா இருக்குமா?"

"வேற எதுவும் செய்யக் கூடாதுன்னாங்களே" என்றார் தாவீது.

"வேற என்னவே செய்யுதோம்? பேசுறதைப் படம் ஏற்கெனவே செய்யுது. நாம சத்தத்தை மட்டும்தான் கூட்டுதோம்."

தாவீது கத்தரியை எடுத்தார். அந்தச் சிரிப்பை ஓர் அங்குலம் கூட்டி வட்டமாக வெட்டி எடுத்தார்.

மறுநாள் காலை மண்டபத்து வாசலில் மில்காரர் ஆளுயரத்துக்கு நின்றார். கண் சிரித்தது. அதற்குக் கீழே இருந்த ஓட்டையில் தாவீதின் மீசையும் வாயும் தெரிந்தன. "வாங்க, வாங்க. எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று படம் உரக்கச் சொன்னது. பெரியவர் ஒருவர் சந்தனத்தை அப்படியே தவறவிட்டார். இரண்டு குழந்தைகள் அலறி ஓடின. இன்னொருவர் தன் மருமகனை அறிமுகப்படுத்தவே தொடங்கிவிட்டார்.

பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மனைவியோடு காரிலிருந்து இறங்கினார் மில்காரர். படம் அவரைப் பார்த்து, "வாங்க அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றது. அவர் தாடை இறுகியது. புருவம் ஏறியது. யாரையோ அறையப் போகிறவர் மாதிரி ஆனார். இந்தத் தடவை நிஜமாகவே அறையத்தான் போனார். பிரமநாயகி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனார். தவிட்டு மூட்டைகள் திங்கட்கிழமையே மாடி ஏறிவிட்டன. அவற்றைப் பற்றி இதுவரை ஒரு புகாரும் இல்லை.

விழாவன்று தலைவர் மண்டபத்து வாசலை விட்டு நகரவில்லை. மேடத்தின் கருத்துக்காகக் காத்திருந்தார். ஜெசிந்தா கொஞ்சம் தாமதமாக வந்தார். படத்தைப் பார்த்தார். படமும் அவரைப் பார்த்து, "வணக்கம் மேடம், காபி சாப்பிடுங்க" என்றது.

ஜெசிந்தா நெஞ்சில் கைவைத்தபடி அப்படியே நின்றார்.

"எப்படி இருக்கு மேடம்? குறை இருந்தாத் தாராளமாச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

"எனக்கு... எனக்கு வார்த்தையே வரலை, தலைவரே."

தலைவர் இசக்கிராஜைப் பார்த்தார். இசக்கிராஜ் ஓசைப்படாமல் நடந்துபோய் ஜெசிந்தாவின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டார். தொண்டையைச் செருமினார். பிறகு மெல்லிய பெண் குரலில், "பிரமாதமா இருக்கு தலைவரே! இதே மாதிரி இன்னும் நிறைய எடுங்க" என்றார்.

தலைவர் கண் கலங்கி, ஜெசிந்தாவை இரு கையும் கூப்பிக் கும்பிட்டார்.

"உங்க வாயால இதைக் கேக்கணும்னுதான் மேடம் இத்தனை நாளாக் காத்திருந்தோம்."