பலகையின் முனை

"எத்தனை கிலோவுல நான் நிறுத்தணும், தண்டல்?"

நம்புராஜன் இப்படிக் கேட்டபோது செபமாலை மணலில் உட்கார்ந்து கிழிந்த படகுப் பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவில்லை.

செபமாலை பந்தயப் பாய்மரப் படகு ஓட்டும் தண்டல். அந்தக் கடற்கரையில் பந்தயத்துக்குப் போகிறவர்கள் பாதிப் பேர் அவரிடம் பழகியவர்கள். நம்புராஜனைவிட இரண்டு வயது இளையவர். அதனால் கரையில் அவனை 'அண்ணே' என்பார். படகில் ஏறிவிட்டால் வெறும் 'நம்பு'.

"என்ன நடந்துச்சு, அண்ணே?"

"போன வருசம் மீன் ஏலக்கூடத்துத் தராசுல ஏத்தி நிறுத்தாங்க. நூத்திப் பன்னெண்டு. சுத்தி நின்னு சிரிச்சாங்க. நம்ம படகு ஏழாவதா வந்ததும், நங்கூரத்தை ஏத்திக்கிட்டுப் போனா வேற எப்படி வரும்னு சொன்னாங்க. நங்கூரம்னே பேரு ஆயிருச்சு."

"சரி."

"பதினோரு மாசம் வாயைக் கட்டினேன். மணல்ல ஓடினேன். இப்ப எம்பத்து நாலு. இப்பவும் விட மாட்டேங்குறாங்க. உங்க வீட்டுக்காரருக்கு என்ன சீக்குன்னு ராக்கம்மாகிட்ட குழாயடியில கேக்குறாங்களாம். அவ அழுதுக்கிட்டு வர்றா."

செபமாலை நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"டாக்டரம்மா என்ன சொல்றாங்க?"

"சர்க்கரை நல்லா இறங்கிருச்சாம். ஆனா ரத்தம் கம்மியாம். சந்தோசப்படுறதா பயப்படுறதான்னு தெரியல. ஒரு கணக்குச் சொல்லுங்க தண்டல். அதுல நின்னுக்கிறேன்."

"நாளைக்கு வெள்ளன வாங்க, அண்ணே."

அவ்வளவுதான் பதில்.

மறுநாள் விடியும்போதே நம்புராஜன் கரைக்கு வந்துவிட்டான். அவர்கள் படகில் குறுக்கே ஒரு நீளப் பலகை உண்டு. காற்று வீசும் பக்கம் அதை வெளியே நீட்டி, அதன்மேல் ஆட்கள் உட்கார்ந்து, படகு சாயாமல் பிடித்துக்கொள்வார்கள். போன வருடம் அவன் உட்கார்ந்த இடத்தில் இன்று ஒரு மணல் மூட்டை கட்டியிருந்தது.

"இது எதுக்கு?"

"இருபத்தெட்டு கிலோ. உங்ககிட்ட இருந்து போனது. பக்கத்துல உக்காருங்க."

மற்ற நான்கு பேரும் ஏறினார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் நம்புராஜனுக்கு முகம் சுருங்கிப்போனது.

கரை கண்ணுக்குச் சிறுத்ததும் மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்தது. பாய் புடைத்தது. படகு ஒரு பக்கம் சாயப் பார்த்தது. மூட்டை அசையவில்லை. படகு நிமிர்ந்தபடியே பறந்தது.

"மூட்டை நல்லா உக்காருது, நம்பு."

அவன் மூட்டையைப் பார்த்தான். பதினோரு மாதம் ஓடி ஓடிக் கரைத்தது இதோ பக்கத்தில் கௌரவமாக உட்கார்ந்திருக்கிறது. இதற்கா ராத்திரிச் சாப்பாட்டை விட்டோம் என்று நினைத்தான்.

சட்டென்று காற்று அடங்கி விழுந்தது.

பலகை தண்ணீரை நோக்கித் தாழ்ந்தது. நம்புராஜன் ஒரே தாவலில் படகுக்குள் வந்துவிட்டான். பலகையில் இருந்த மற்ற இரண்டு பேரும் அவன் பின்னால் குதித்தார்கள்.

மூட்டை வரவில்லை.

பலகை கடலுக்குள் முழுகியது. தண்ணீர் உள்ளே கொட்டியது. ஆளுக்கொரு பக்கம் இறைத்தார்கள். நம்புராஜன் வயிற்றால் ஊர்ந்து போய், கயிற்றை அவிழ்த்து, மூட்டையை இழுத்து உள்ளே போட்டான். மூச்சு வாங்கியது.

அப்போதுதான் அவனுக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது. பந்தயத்தில் சுற்றிவர வேண்டிய இரண்டாவது மிதவையில் திரும்பும்போது இதே மாதிரி காற்று விழுந்தது. மூட்டு மடங்கவில்லை. வயிறு இடித்தது. எழுந்து உள்ளே வருவதற்குள் படகு பாதி நிறைந்துவிட்டது.

தண்டல் அதைப்பற்றி அன்றைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. சுக்கானைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று மறுபடி எழுந்தது.

"வெளிய போ, நம்பு."

பழைய இடத்தில் போய் உட்கார்ந்தான். படகு சாய்ந்தது.

"பத்தாது."

"நான் என்ன பண்ண, தண்டல்? எடை இல்லையே."

"இடம் இருக்கே."

நம்புராஜன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு அப்பால் பலகை இன்னும் மூன்று முழம் நீண்டு கிடந்தது. இத்தனை வருடத்தில் அங்கே அவன் போனதே இல்லை. அந்த உடம்போடு அங்கே போக யாருக்கும் தைரியம் வராது.

நகர்ந்தான். முனைக்குப் போய்க் காலைக் கயிற்றில் மாட்டிக்கொண்டு முதுகைக் கடல் மேல் சாய்த்தான்.

படகு நிமிர்ந்தது.

எம்பத்து நாலு கிலோவுக்கு ஆறு ஆள் ஏறிய படகு கட்டுப்பட்டு நின்றது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வரைக்கும் எண்ணியிருப்பான். தொடை நடுங்க ஆரம்பித்தது. கண் இருட்டியது. பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே சரிந்தான்.

"கால் நிக்க மாட்டேங்குது, தண்டல்."

"காலைல என்ன சாப்பிட்ட?"

"ஒரு வெள்ளரிக்காய்."

செபமாலை சுக்கானைக் கரைப்பக்கம் திருப்பினார்.

கரையில் படகுக்காரர்களுக்குச் சோறு வந்திருந்தது. செபமாலை தன் கையாலேயே ஒரு தட்டில் சோறு போட்டு, நகரை மீன் குழம்பை ஊற்றி, நம்புராஜன் முன்னால் வைத்தார். அவன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பயமாக இருந்தது.

"எவ்வளவு சாப்பிடலாம், தண்டல்?"

"அந்த முனையில எவ்வளவு நேரம் உக்காரணும், அண்ணே?"

நம்புராஜன் தட்டை அருகே இழுத்தான். பிறகு சோற்றைப் பிசைந்தான். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான். மூன்றாவது தடவை சோறு போட்டவர்கள் கரண்டியை நீட்டியபோது கையைத் தட்டின் மேல் வைத்து மறைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம். சாயங்காலம் மணலில் ஓடினான். காலையில் முனையில் உட்கார்ந்தான். இருபது எண்ணியவன் நூறு எண்ணினான், பிறகு எண்ணுவதையே விட்டுவிட்டான். வேட்டி இடுப்பில் கொஞ்சம் இறுகியது. ராக்கம்மா கவனித்தாள்.

"ராத்திரி குறட்டை வரல. கன்னத்துல சதை வந்திருக்கு. எது நல்லதுன்னு யார்கிட்ட கேக்குறது?" என்றாள்.

"யார்கிட்டயும் கேக்காத," என்றான் நம்புராஜன். "குழாயடியில யாராவது கேட்டா, படகுக்கு வரச் சொல்லு."

திருவிழாவன்று ஒன்பது படகுகள் நின்றன. கரை நிறைய சனம். நம்புராஜன் ஏறும்போது ஏதோ ஒரு குரல் அவன் உடம்பைப்பற்றி என்னவோ சொன்னது. காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விட்டது.

முதல் மிதவையில் ஐந்தாவதாக இருந்தார்கள்.

இரண்டாவது மிதவையை நெருங்கும்போது தெற்கே கடல் கறுத்து வந்தது. முன்னால் போன இரண்டு படகுகள் பாயோடு கவிழ்ந்தன. மூன்றாவது படகு பாயை இறக்கியது. செபமாலையின் படகு அந்தக் காற்றுக்குள் நுழைந்து, ஒரு முழம் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து ஓடியது.

இரண்டாவதாகக் கரை தொட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேரும் பாயை மடித்துக்கொண்டிருந்தார்கள். நம்புராஜனின் முதுகு உப்பில் வெளுத்திருந்தது. அவனுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"தண்டல், ரெண்டாவது மிதவையில காத்து அடிச்சப்ப, என்னை வெளிய போகச் சொல்லவே இல்லையே நீங்க?"

செபமாலை பாயின் மறு ஓரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அண்ணே. அதுக்குள்ள நீங்க அங்க இருந்தீங்க."