சும்மா போய் வந்த தாள்

“அம்மா, திருடனைக் கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்,” என்றார் ஏகாம்பரம்.

மலையேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அறிக்கையை மேசைமேல் வைத்தார்.

மங்கையர்க்கரசி அதைத் தொடவில்லை.

“யாரு அய்யா திருடன்?”

“அந்தப் பக்கத்து ஈய உருக்காலை. வேற யாரு?”

கூகைமலையின் உச்சியில், இரண்டு நாடுகளுக்கும் நடுவே, காற்றை அளக்கும் நிலையம் ஒன்று இருந்தது. எல்லை என்பது அங்கே வெள்ளையடித்த கற்களின் வரிசை. காற்று அந்தக் கற்களை மதித்ததாகத் தெரியவில்லை.

நிலையத்துக்குத் தலைவி மங்கையர்க்கரசி. வயது முப்பத்தாறு. அவரிடம் பாடம் கேட்க வந்த ஏகாம்பரத்துக்கு அறுபது. இருபத்திரண்டு வருடம் மலையடிவாரச் சுங்கச்சாவடியில் அதிகாரியாக இருந்தவர். அவருக்குத் தெரியாமல் ஈ காக்கை கூட எல்லையைத் தாண்டாது என்று ஊர் சொல்லும். லாரி வந்தாலும் தலைச்சுமை வந்தாலும் அவர் வாயில் ஒரே வார்த்தைதான்.

“திற.”

ஓய்வு பெற்றதும் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். பேத்திக்கு உடம்புக்கு வந்துவிட்டது.

இளவெயினிக்கு அப்போது ஆறு வயது. அதற்கு முந்தின வருடம் தன் பெயரை எழுதியவள். அந்த வருடம் பாதி எழுத்து மறந்துபோனது. வயிற்றுவலி வேறு. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறது என்றார்கள். குழாய்த் தண்ணீரைப் பார்த்தார்கள், சுவர் வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். எங்கிருந்து ஏறியது என்று தெரியவில்லை.

அன்றுதான் ஏகாம்பரம் வானத்தைப் பார்த்தார். தன் சாவடிக்கு மேலே, கதவே இல்லாத ஒரு வழி இத்தனை வருடமும் திறந்து கிடந்தது அவருக்குப் புரிந்தது.

மறுநாளே மலையேறினார்.

“மேல வர்ற சரக்கை எப்படிப் பிடிக்கறதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுங்க அம்மா.”

மங்கையர்க்கரசி ஒரு வட்டமான வெள்ளைத் தாளை இடுக்கியால் எடுத்து, மூடியிட்ட பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

“இதை மொட்டைமாடிக்குக் கொண்டு போங்க. காத்து உறிஞ்சற கருவியில மாட்டுங்க. கருவியை ஓட்டாதீங்க. கழட்டித் திரும்பக் கொண்டு வாங்க.”

“எதுக்கு?”

“சும்மா போய்ட்டு சும்மா வரணும். அதுதான் அதோட வேலை.”

ஏகாம்பரத்துக்கு இது வேலையற்ற வேலையாகப் பட்டது. மற்றத் தாள்கள் ஒரு நாள் முழுக்கக் காற்றைக் குடித்துச் சாம்பல் பூத்து வரும். இது மட்டும் மாப்பிள்ளை மாதிரி போய்விட்டு மாப்பிள்ளை மாதிரி வரும். சொன்னபடி வாரம் ஒன்று கொண்டுபோய்க் கொண்டுவந்து அடுக்கினார். அதை ஒரு தடவைகூட அளந்து பார்க்கவில்லை.

குடித்த தாள்களைத்தான் அளந்தார். ஒரு வருடத் தாள்கள். எல்லாவற்றிலும் ஈயம்.

ஒவ்வொரு சுரங்கத்து ஈயத்துக்கும் ஒரு ஜாடை உண்டு. எங்கே போனாலும், எதில் கலந்தாலும் அந்த ஜாடை மாறாது. தாள்களில் இருந்த ஈயத்துக்கு அந்தப் பக்கத்துச் சுரங்கத்தின் ஜாடை. அதே சுரங்கத்து ஈயம்தான் அந்த உருக்காலையில் உருகுகிறது. அதைத்தான் அறிக்கையாக எழுதி இன்று மேசைமேல் வைத்திருந்தார்.

“வர்ற திங்கக்கிழமை ரெண்டு நாடும் பேசப் போகுது,” என்றார் ஏகாம்பரம். “உங்க கையெழுத்து இருந்தா அந்த உலையை அணைச்சுடுவாங்க.”

“அதை நம்பி நாலாயிரம் குடும்பம் இருக்கு.”

“எனக்கு ஒரு பேத்திதான் இருக்கா அம்மா.”

மங்கையர்க்கரசி அறிக்கையைப் புரட்டினார். பேனாவை எடுத்தார், திரும்ப வைத்தார்.

“உலையை அணைச்ச பிறகும் குழந்தைக்குக் குணமாகலைன்னா?”

ஏகாம்பரம் அறிக்கையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

“சும்மாத் தாள் என்ன சொல்லுது?” என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

“அது காத்தே குடிக்கலையே அம்மா. அது என்ன சொல்லும்?”

“கேட்டீங்களா?”

முணுமுணுத்துக்கொண்டே போய் ஒரு வருடத்துச் சும்மாத் தாள்களை ஈயம் அளக்கும் கருவியில் வைத்தார். சாயங்காலம் ஓடி வந்தார்.

“அம்மா, அதுலயும் ஈயம். அதே ஜாடை. மூடின பெட்டிக்குள்ளயும் பூந்துட்டானுங்க.”

“மூடியைத் திறக்கிற காத்தா?” மங்கையர்க்கரசி சிரித்தார். “அய்யா, உங்க சாவடிக்கு ஒரு பை வருது. பையில வெளிநாட்டுச் சரக்கு. பை வெளிநாடே போகலைன்னு தெரியும். நீங்க யாரைச் சோதிப்பீங்க?”

“பையைத் தூக்கிட்டு வந்தவனை.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். புதுக் கையுறை மாட்டினார். ஒரு சும்மாத் தாளை அவர் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். இன்னொன்றை மங்கையர்க்கரசி கொண்டுபோய்க் கொண்டுவந்தார்.

மங்கையர்க்கரசியின் தாள் வெறுமையாக இருந்தது. ஏகாம்பரத்தின் தாளில் ஈயம்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடத்தல்காரனும் அவரை இப்படி உட்கார வைத்ததில்லை.

“நான் எங்கேயும் போகலையே அம்மா. வீடு, மலை, வீடு.”

மங்கையர்க்கரசி ஒரு புதுத் தாளை இடுக்கியால் எடுத்தார். அருகே வந்தார். அவர் நெற்றியை ஒரு தடவை துடைத்தார்.

தாள் சிவந்தது.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில், சாவடியை ஒட்டி, ஓர் ஆஞ்சநேயர் சந்நிதி உண்டு. சாவடியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கே நின்று செந்தூரம் இட்டுக்கொள்ளாமல் ஏகாம்பரம் ஒரு நாளும் தாண்டியதில்லை. ஏறின வேர்வையில் அது கரையும். மாடியில் குனிந்து தாள் மாற்றும்போது நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொள்வார்.

“இந்தச் செந்தூரம் எங்கேருந்து வருது?”

“அந்தப் பக்கத்துச் சந்தையிலேருந்து. மூட்டை மூட்டையா.”

“உங்க சாவடி வழியாவா?”

“ஆமா.”

“திறந்து பார்ப்பீங்களா?”

ஏகாம்பரம் தரையைப் பார்த்தார்.

“பூசைச் சாமான் அம்மா. அதை மட்டும் திறக்கச் சொன்னதில்லை.”

மங்கையர்க்கரசி சிவந்த தாளை அளக்கும் கருவியில் வைத்துவிட்டு, கணினியின் முன் உட்கார்ந்தார். ஒரு வருடத்துக் கணக்கிலிருந்து சும்மாத் தாள்களின் ஈயத்தைக் கழித்தார். மலைபோல் இருந்தது மடுவாகச் சுருங்கியது. மிஞ்சியது தூசியிலும் தூசி. அந்தத் தூசி எந்தெந்த நாளில் விழுந்ததோ அந்த நாள்களின் காற்றை, வந்த வழியே பின்னோக்கி நடத்தச் சொன்னார்.

திரையில் கோடுகள் கிளம்பின.

சில கோடுகள் உருக்காலையில் போய் நின்றன. சில இந்தப் பக்கம் திரும்பி, ஏகாம்பரம் பிறந்த ஊரின் செங்கல் சூளைகளில் நின்றன. மற்றவை நிற்கவில்லை. மலைத்தொடரைத் தாண்டின. ஒரு நாடு, இன்னொரு நாடு. கடலில் இறங்கி, இரண்டு நாள் தண்ணீர்மேல் அலைந்து, அக்கரையில் ஏறின. பாலைவனம். அதற்கும் அப்பால், ஏகாம்பரத்தால் பெயரைக்கூட வாசிக்க முடியாத ஊர் ஒன்றின் புகைபோக்கி.

“எத்தனை நாள் அம்மா?”

“பதினோரு நாள்.”

“எத்தனை எல்லை?”

“ஆறு.”

ஏகாம்பரம் ஜன்னலுக்குப் போனார். வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. தினமும் அடிக்கிற காற்றுதான். ஆறு எல்லை தாண்டி வந்து, ஒரு முத்திரையும் குத்திக்கொள்ளாமல், தன் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டுப் போகிறதே என்று நினைத்தார். கை இரண்டும் தாமாகக் கூடியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

“இவ்வளவு தூரம் வந்து இத்தனை பேர் போட்டதும் சேர்ந்து, இந்தத் துளிதானா அம்மா?”

“இந்த மலையில, ஒரு வருஷத்துக்கு, இவ்வளவுதான். இதுக்குக் கையெழுத்துப் போடறேன். உருக்காலை பேர் இருக்கும், நம்ம சூளை பேரும் இருக்கும், எல்லார் பேரும் இருக்கும்.”

அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கருவி மணியடித்தது. சிவந்த தாளின் அளவு திரைக்கு வந்தது. ஈயம், அதே சுரங்கத்து ஜாடை. ஒரு வருடக் காற்றின் ஈயம் திரையில் நகக்கண் உயரத்துக்கு நின்றது. பக்கத்தில் செந்தூரத்தின் கோடு ஏறியது, ஏறியது, திரையின் விளிம்பைத் தொட்டு வெளியே போனது.

ஒரே ஒரு துடைப்பு.

ஏகாம்பரம் அந்த இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவர் கை சட்டைப்பைக்குப் போனது.

காலையில் சந்நிதியில் மடித்து வாங்கிய பொட்டலம் அங்கே இருந்தது. இளவெயினி பிறந்த நாளிலிருந்து தினமும் ஒன்று. நெற்றிக்குக் கொஞ்சம். உடம்புக்கு நல்லது என்று நாக்கில் கொஞ்சம். அவள் நோயில் படுத்த பிறகு இரண்டு வேளை.

மங்கையர்க்கரசியின் பேனா நின்றது.

ஏகாம்பரம் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். சாவடியில் நிற்பது போலத்தான் நின்றார்.

“திற,” என்றார், தனக்கே.